ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவைப் படிப்பது எப்படி?

முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். எந்த ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவை எடுத்தாலும் முதல் பக்கத்தில் மனித மாண்பு, பெண்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் எதிர்காலம் எல்லாம் இருக்கும். அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஒரு பெண்ணை ஏமாற்றியோ மிரட்டியோ பாலியல் தொழிலில் தள்ளுகிறவன் சிறைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால், பாலியல் தொழிலாளர் சங்கங்களுக்கு மசோதாக்களைப் படித்துச் சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கும் என்னிடம் அந்தப் பெண்கள் கேட்பது வேறு: "இது சட்டமானால் போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?" மசோதா முழுவதையும் இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

முதலில் வரையறைப் பிரிவு. 2000-ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான பலெர்மோ நெறிமுறையின் 3-ஆவது பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி ஆள்கடத்தலுக்கு மூன்று கூறுகள் உண்டு. ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்க இடம் தருவது போன்ற செயல். பலவந்தம், மோசடி, இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். 18 வயது நிரம்பாதவர் என்றால் வழியை நிரூபிக்கத் தேவையில்லை. வயது வந்தவர் என்றால் மூன்றும் வேண்டும். உங்கள் கையிலுள்ள மசோதாவில் வயது வந்தவர்களுக்கும் 'வழி' விடுபட்டிருந்தால், சிவப்பு மையால் கோடு போடுங்கள். வெளியூரிலிருந்து வந்த தோழிக்கு அறை பிடித்துக் கொடுத்த பெண்ணும் அந்த வரையறைக்குள் கடத்தல்காரி ஆகிவிடுவாள்.

அடுத்து, தொழிலாளியைச் சுற்றியிருப்பவர்களைத் தண்டிக்கும் பிரிவுகள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் பாருங்கள். பாலியல் தொழில் செய்பவரின் வருமானத்தில் தெரிந்தே வாழும், 18 வயது கடந்த எவருக்கும் இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். 'எவருக்கும்' என்றால் கல்லூரிக்குப் போகும் மகன், படுத்த படுக்கையாக இருக்கும் தாய், எல்லோரும்தான். அதோடு முடியவில்லை. அவருடன் சேர்ந்து வாழ்பவர், மாறாக நிரூபிக்கும்வரை, அந்த வருமானத்தில் வாழ்பவராகவே கருதப்படுவார். சுமை அரசுத் தரப்பிலிருந்து குடும்பத்தின் தலைக்கு மாறிவிடுகிறது. இரண்டு பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காக ஒரே அறையில் சேர்ந்து தொழில் செய்தாலும், அதே சட்டத்தின் வரையறை அந்த அறையை விபச்சார விடுதி என்று சொல்ல இடம் தருகிறது. வன்முறையிலிருந்து காப்பது எதுவோ, அதுவே குற்றமாகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டு உரிமையாளரைத் தண்டிக்கும் வாசகம் இருந்தால் அதையும் விடாதீர்கள். நார்வேயில் தொழிலாளியைச் சட்டம் தண்டிக்காது. ஆனால் 2007-இலிருந்து சில ஆண்டுகள் ஆஸ்லோ போலீசார் 'வீடற்றோர்' என்று பெயரிட்ட ஒரு நடவடிக்கையில், வாடகைக்கு விட்டவர்கள் மீது வழக்குப் போடுவதாக எச்சரித்தே பெண்களை வெளியேற்ற வைத்தார்கள். அடிபட்ட பெண் போலீசில் புகார் கொடுத்தால் வீடு போய்விடும் என்ற நிலையில் எவள் புகார் கொடுப்பாள்?

மீட்பு, மறுவாழ்வு என்ற தலைப்பைக் கண்டதும் நிம்மதி அடையாமல் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மீட்கப்படுபவரின் சம்மதம், அவர் வெளியேறும் உரிமை, காலவரம்பு. மேலே சொன்ன இந்தியச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில், மீட்கப்பட்டவரைப் பாதுகாப்பு இல்லத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைத்திருக்க நீதிபதி உத்தரவிட முடியும். அவர் வருமானத்தில் வாழ்ந்த குற்றத்துக்கு இரண்டாண்டுவரை, மீட்கப்பட்டவருக்கு மூன்றாண்டுவரை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, குறித்த காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியாகக் கொள்ளக்கூடாது என்றும் சொன்னது. புதிய மசோதா எதுவானாலும் இந்த இரண்டும் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இணையதளங்கள் பற்றிய பிரிவு என்ன செய்யும் என்று அறிய அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு FOSTA சட்டம் போதும். பயனர்கள் பதிவிடும் பாலியல் தொழில் விளம்பரங்களுக்குத் தளங்களையும் பொறுப்பாக்கிய சட்டம் அது. வழக்குக்குப் பயந்து தளங்கள் மூடிக்கொண்டன. தொழிலாளர்கள் ஆபத்தான வாடிக்கையாளரைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரிக்கப் பயன்படுத்திய இடங்களும் போயின. அந்தச் சட்டம் உருவாக்கிய புதிய குற்றப்பிரிவை அரசு ஒரே ஒரு வழக்கில்தான் பயன்படுத்தியிருந்தது என்று 2021-இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பே பதிவு செய்தது.

நல்ல சட்டத்தையும் கடைசிப் பிரிவுவரை படியுங்கள். நியூசிலாந்து 2003-இல் பாலியல் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. கட்டாயப்படுத்துகிறவருக்குப் 14 ஆண்டு வரை சிறை. எந்த நேரத்திலும் மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதன் பலனை நேரிலேயே காணலாம்: 2014-இல் ஒரு தொழிலாளி, தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய, பாலியல் தொழில் விடுதியை நடத்தியவர் மீது மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடி 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். ஆனால் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தற்காலிக விசாவில் வந்தவர்களை இந்தத் தொழிலிலிருந்து விலக்குகிறது. கடத்தலைத் தடுக்க என்றுதான் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். சுரண்டப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளவரே புகார் கொடுத்தால் நாடு கடத்தப்படுவோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்ததும் மனு எழுத உட்காருங்கள். "இந்த மசோதா தவறு" என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். பிரிவு எண், அதன் வாசகம், அது யாரைப் பாதிக்கும் என்ற ஒரு வரி, மாற்று வாசகம் ஆகியவற்றைக் கொடுங்கள். 'வருமானத்தில் வாழ்பவர்' என்பதற்குப் பதிலாக 'பலவந்தத்தாலோ மோசடியாலோ கடன் பிடியாலோ வருமானத்தைப் பறிப்பவர்' என்று எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் சங்கத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெண்கள் திருத்துவதை ஏற்றுக்கொள்ளுங்கள். மனு பொது ஆவணமாகிவிடக்கூடும் என்பதால், எந்தப் பெண்ணின் பெயரும், தெருவும், பிள்ளை படிக்கும் பள்ளியும் அதில் வரவே கூடாது.