அவசர சிகிச்சை டிகிரி: டெல்டா மாணவர்கள் எங்கே தொடங்குவது, எதைப் பழகுவது

"108ல போகணும், அதுக்கு என்ன படிக்கணும்?" பிளஸ் 2 முடித்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 108 வண்டியில் மருத்துவ உதவியாளராகச் சேர இந்த ஒரு டிகிரிதான் வேண்டும் என்றில்லை. நர்சிங் முடித்தவர்களும் வேறு உயிரியல் பட்டதாரிகளும் தனிப் பயிற்சி பெற்று அங்கே வேலை செய்கிறார்கள். பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி படித்தால் வண்டியோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் வேலைக்கு வழி உண்டு. இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

படி 1: விண்ணப்பம்

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது நான்கு வருடப் படிப்பு. மூன்று வருடம் பாடம், கடைசி வருடம் கட்டாய இன்டர்ன்ஷிப். நீட் வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு 'பாராமெடிக்கல் டிகிரி' என்ற பெயரில் நடத்தும் ஆன்லைன் கவுன்சிலிங்கைக் கவனியுங்கள். டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகளுக்கு விண்ணப்பம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று எல்லாம் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். வழக்கமாக மாட்டுவது இனிஷியலில்தான்: மார்க் ஷீட்டில் 'கே', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. அதைத் திருத்துவதற்கே சில வாரம் போய்விடும்.

தனியார் கல்லூரி என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். டிகிரி கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா? இன்டர்ன்ஷிப் எங்கே? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

படி 2: முதல் வருடம், வார்த்தைகள்

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் மூன்று மாதம் தடுமாறுவது இயல்பு. வார்த்தையை உடைத்துப் படியுங்கள். 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மெதுவு, 'கார்டியா' இதயம், 'ப்னியா' மூச்சு. நான்கு துண்டு தெரிந்தால் நான்கு நோய்க்குறி தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் உஷார்: 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' கூடுதல். சைரன் சத்தத்தில், போனில், இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அதனால் வார்த்தையை நம்பாமல் எண்ணைச் சொல்லப் பழகுங்கள்: "பி.பி. 80க்கு 50."

படி 3: கையைப் பழக்குங்கள்

நாடித் துடிப்பு பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. மனப்பாடம் எளிது, எண்ணுவதுதான் கஷ்டம். "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்தபடியே நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு தவறும். முழு நிமிடம் எண்ணுங்கள்.

பி.பி. பட்டை முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்க வேண்டும். உள்ளே காற்று நிரம்பும் பை கைச் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பட்டை சிறியதாகவோ தளர்வாகவோ இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். முதலில் காற்றை ஏற்றிக்கொண்டே மணிக்கட்டில் நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். பட்டையிலுள்ள காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 வீதம் இறக்குங்கள்.

சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுப்பது): நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். தலையணையில் பழகினால் தாளம்தான் வரும், ஆழம் வராது. அதற்கு பொம்மையே வேண்டும். கயிற்றுக் கட்டிலில் கிடப்பவருக்கு அங்கேயே அழுத்தினால் கட்டில்தான் தொய்யும். தரைக்கு இறக்குங்கள்.

மயக்க நிலை அளவான ஜி.சி.எஸ்.: அதிகபட்சம் கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3, பூஜ்யம் கிடையாது. "மொத்தம் 9" என்று எழுதாமல் "கண் 2, பேச்சு 2, அசைவு 5" என்று பிரித்து எழுதினால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

படி 4: சிலிண்டர் கணக்கு

பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி, வண்டியில் ஓர் உயிர். வண்டியில் உள்ள பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். மீட்டர் காட்டும் அழுத்தத்தை அதால் பெருக்கினால் மிச்சமுள்ள ஆக்சிஜன் கிடைக்கும். 150 பார் என்றால் 1,500 லிட்டர்.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியை மாற்றுகிறீர்கள், 2 மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 60 காட்டுகிறது. 20ஐ அவசரக் கையிருப்பாக ஒதுக்கினால் 40 பெருக்கல் 10, அதாவது 400 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும், பாதி வழிகூடத் தாண்டாது. 4 லிட்டராகக் குறைத்தாலும் 100 நிமிடம்தான். கிளம்பும் முன்பே சிலிண்டரை மாற்றியிருக்க வேண்டும்.

படி 5: நம்ம ஊர் கேஸ்கள்

ஜூன் 12ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால் வயலில் ஆள் நடமாட்டம் கூடும். பாம்புக்கடியும் பூச்சி மருந்தும் புத்தகத்தில் சில பக்கம்தான், டெல்டாவில் அவற்றைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ தடமோ இல்லாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்கல், குழறல். அப்போது ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் பத்து நிமிடம் கழித்து 14ல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது, அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) கையில் இருக்கட்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஊரில் இறுக்கிக் கட்டி அனுப்பிய கயிற்றை வண்டியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடும். விஷமுறிவும் மூச்சுக் கருவியும் தயாராக உள்ள இடத்தில் அவிழ்ப்பார்கள்.

பூச்சி மருந்து கேஸில் முதலில் உங்கள் கையுறை, பிறகு நோயாளியின் சட்டை, பிறகு சோப்புத் தண்ணீர். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், நெஞ்சில் கொரகொரப்பு. டாக்டர் அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஏற்றச் சொல்லும்போது கண்மணி விரிந்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது. நெஞ்சுச் சத்தம் தெளிவதுதான் முக்கிய அடையாளம். பாட்டிலை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அது பாராகுவாட் களைக்கொல்லியாக இருந்தால் தேவையில்லாத ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் கெடுக்கும்.

வாய்க்காலில் முழுகியவருக்கு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாந்தி நுரையீரலுக்குள் போகத்தான் அது வழி. மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சு கொடுங்கள், பிறகு நெஞ்சு அழுத்தம்.

படி 6: இன்டர்ன்ஷிப்

அரசு அவசரப் பிரிவுகளில் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை வைத்து சிவப்பு (மிக அவசரம்), மஞ்சள், பச்சை (லேசானது) என நோயாளிகளைப் பிரிப்பார்கள். பச்சையில் கூட்டம், சிவப்பில் கற்றுக்கொள்ள நிறைய. சீனியர் அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டு சிவப்பில் இரவு டியூட்டி வாங்குங்கள். செய்த ஒவ்வொரு செயலையும் லாக் புக்கில் நேரத்தோடு எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டினால், அந்த டாக்டர் இடம் மாறிப் போயிருப்பார்.