டிரெட்மில் நின்றுவிட்டதா? டெக்னீஷியன் முதல் தடவையிலேயே சரிசெய்து கொடுக்க நீங்கள் செய்ய வேண்டியவை

வேலூர் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே நடக்க முடியாது என்பதாலேயே நம் ஊரில் பலர் வீட்டில் டிரெட்மில்லோ உடற்பயிற்சி சைக்கிளோ வாங்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை, பி.பி. என்று டாக்டர் நடக்கச் சொன்னவர்கள், முட்டி வலிக்குச் சைக்கிள் மிதிக்கச் சொன்னவர்கள் எல்லாரும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். மெஷின் ஒரு மாசம் நின்றால் அவர்கள் நடையும் ஒரு மாசம் நின்றுபோகும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் பெரிய சிக்கல் தூரம். பல கம்பெனிகளுக்குக் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ சொந்த சர்வீஸ் ஆள் கிடையாது, சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் வர வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் இன்னும் உள்ளே. நீங்கள் "மெஷின் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லி கம்ப்ளெயின்ட் கொடுத்தால், வருகிறவர் வெறும் ஸ்குரூ டிரைவரோடு வந்து கவரைக் கழற்றிப் பார்த்து, "போர்டு (மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்) போயிருக்கு சார், ஆர்டர் போடணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார், அப்புறம் அவர் மறுபடி எப்போது இந்தப் பக்கம் வருவார் என்பது யாருக்கும் தெரியாது. சரியான பாகத்தை எடுத்துக்கொண்டே அவரை வரவைக்க வேண்டும், கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் படி: போன் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

டிரெட்மில் உயிரே இல்லாமல் கிடந்தால் முதலில் பாதுகாப்புச் சாவியைப் பாருங்கள். சிவப்புக் கயிற்றோடு, காந்தம் வைத்து ஒட்டுகிற சின்னத் துண்டு அது. அது தன் இடத்தில் உட்காரவில்லை என்றால் பெல்ட் ஓடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது எங்கேயாவது போயிருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

அடுத்து கரன்ட். மெஷின் முன்பக்கம் கீழே, பவர் வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், பல மாடல்களில் அழுத்தினால் உள்ளே போகிற ஒரு சின்ன பிரேக்கர் பட்டனும் இருக்கும். பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அழுத்திவிடுங்கள். டிரெட்மில்லை 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக இருக்கிற பாயின்ட்டில் நேராகச் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால், மெஷினின் வாட்ஸைக் காட்டி அதற்கேற்ற ஸ்டெபிலைசர் கேட்டு வாங்குங்கள். டிவிக்கு வைத்திருக்கிற சின்ன ஸ்டெபிலைசர் தாங்காது.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மெஷினின் பின் முனையில் இரண்டு பக்கமும் போல்ட் இருக்கும், அதற்கான எல்-கீயை மெஷினோடு கொடுத்திருப்பார்கள். மெஷினை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஆளில்லாமல் ஓடவிட்டு பின்னால் நின்று பாருங்கள். பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று, வலது பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட்டை அதேபோல் கால் சுற்று. திருப்பிவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள், பெல்ட் மெதுவாகத்தான் நகரும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுற்று திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடி ஓரம் கிழிந்துவிடும். இந்த வேலை செய்யும்போது தொங்குகிற துப்பட்டா, புடவை முந்தானை, லுங்கி எதுவும் ரோலர் பக்கம் போகக்கூடாது.

காலை வைத்ததும் பெல்ட் வழுக்கி நின்று நின்று போனால், இரண்டு போல்ட்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்குங்கள். நடுவில் பெல்ட்டின் ஓரத்தைக் கையால் தூக்கினால் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டாருக்கும் பேரிங்குக்கும் பாரம்.

கால் வைத்தவுடன் மோட்டார் முனகுகிறது, கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழுகிறது என்றால் பெரும்பாலும் பெல்ட்டுக்கு அடியில் ஆயில் காய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பே இல்லாமல் வறட்டென்று இருந்தால் சிலிக்கோன் ஆயில் போட வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே இதெல்லாம் போடவே கூடாது, பெல்ட்டின் அடிப்பக்கம் கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் இதுதான் அடிக்கடி வருகிற பிரச்சனை, மெஷினோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் கெடு வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. சில மாடல்களுக்கு ஆயிலே போடக்கூடாது என்று எழுதியிருப்பார்கள், அதனால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். பெடல் ஆடுகிறது என்று தெரிந்தும் மிதித்துக்கொண்டே இருந்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) மரை தேய்ந்து கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும். திரை மட்டும் தெரியவில்லை என்றால் பின்பக்கம் திறந்து பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மோட்டார் கவரை வாரண்டி இருக்கும்போது நீங்களாகக் கழற்றாதீர்கள். வாரண்டி முடிந்திருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷமாவது விட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் போர்டு கரன்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

இரண்டாம் படி: ஆதாரம் சேர்ப்பது

இதுதான் முக்கியம், இதில் நேரம் செலவழித்தால் பின்னால் பாதி அலைச்சல் மிச்சம். பில்லை எடுத்துப் படம் பிடியுங்கள். மெஷினின் அடிச்சட்டத்தில், பெரும்பாலும் முன்பக்கம், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கும், அதையும் படம் பிடியுங்கள். திரையில் பிழை எண் ஏதாவது வந்தால் அதன் படம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் வேறு மெஷினுக்கு யாரோ சொன்னதை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

அப்புறம் ஒரு நிமிஷ வீடியோ. பிளக் சொருகுவதில் ஆரம்பித்து, சாவி வைத்து, ஸ்டார்ட் அழுத்தி, என்ன ஆகிறது என்பதை நிறுத்தாமல் எடுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். கடகடவென்ற சத்தமா, கீச்சென்ற சத்தமா, கருகிய வாசனை வருகிறதா என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். அனுபவம் உள்ள டெக்னீஷியன் இந்த வீடியோவை வைத்தே மோட்டாரா, போர்டா, சென்சாரா என்று ஓரளவு கணித்துவிடுவார்.

மூன்றாம் படி: கம்ப்ளெயின்ட்

போனில் சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கே ஈமெயிலும் அனுப்புங்கள். போனில் பேசியதற்கு உங்கள் கையில் சாட்சி இல்லை. இப்படி எழுதினால் போதும்:

"இந்த மாடல், இந்த சீரியல் நம்பர், இந்தத் தேதியில் வாங்கியது, பில் இணைத்திருக்கிறேன். இந்தத் தேதியிலிருந்து ஸ்டார்ட் அழுத்தினால் மூன்று வினாடி ஓடி நின்று, திரையில் இந்த எண் வருகிறது. சாவி, பிளக், பெல்ட் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கின்றன. வீடியோ இணைத்திருக்கிறேன். வேலூருக்கு வரும் டெக்னீஷியன் தேவைப்படக்கூடிய பாகத்தோடு வரவும். கம்ப்ளெயின்ட் நம்பரும் வரும் தேதியும் பதிலில் தெரிவிக்கவும்."

கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். எதிர்முனையில் பேசுகிற பையனோ பெண்ணோ உங்கள் மெஷினைச் செய்தவர் கிடையாது, மரியாதையாகப் பேசினால் அவர்களும் நமக்காக ஒரு எட்டு கூடுதலாக முயற்சி செய்வார்கள். உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் கிடையாது என்று சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். விற்கும்போது டெலிவரி செய்த பின்கோடு அதுதானே.

வாரண்டி அட்டையில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். மோட்டாருக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு வேறு காலம் என்று பிரித்திருப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றும் போட்டிருப்பார்கள், அந்த மெஷினை அபார்ட்மென்ட் பொது ஜிம்மில் வைத்தால் வாரண்டி கேட்க முடியாமல் போகும்.

நான்காம் படி: டெக்னீஷியன் வரும் நாள்

மெஷினைச் சுற்றி ஆள் நிற்க இடம் விடுங்கள், சுவரோடு ஒட்டியிருந்தால் முதல் நாளே நகர்த்தி வையுங்கள். வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே ஏறி, உங்கள் வழக்கமான வேகத்தில் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். ஆளில்லாமல் நன்றாக ஓடுகிற மெஷின் எடை ஏறியதும் நிற்கலாம். மாற்றிய பாகத்தின் பெயர், செய்த வேலையை அவர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வேலை முடியவில்லை என்றால் "முடியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. காசு கொடுத்தால் பில் வாங்குங்கள்.

பதிலே வரவில்லை என்றால்

ஆன்லைனில் வாங்கியிருந்தால், விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல சமயம் அதுவே போதும்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சனை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இரண்டாம் படியில் சேர்த்த படங்களும் ஈமெயில்களும் இங்கேதான் பேசும்.

வாரண்டி முடிந்த மெஷினுக்கு

சென்னைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் நிறைய உண்டு. ரோலர் பேரிங்கின் ஓரத்தில் 6203 மாதிரி ஒரு எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைக் காட்டினால் பேரிங் கடையில் கிடைக்கும். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ரீவைண்டிங் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ரன்னிங் பெல்ட் மாற்ற, அதன் அகலத்தையும் முழுச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்துகொண்டு ஆர்டர் கொடுங்கள். போர்டு மட்டும் கவனம். உங்கள் மாடலுக்கான போர்டா என்று சீரியல் நம்பரோடு சரிபார்த்து வாங்குங்கள், பொருந்தாத போர்டு நல்ல மோட்டாரையும் சேர்த்து எரித்துவிடும். பொருத்துகிற நாளில் கருகிப்போன பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எந்த வயர் எங்கே சொருகியிருந்தது என்று பார்க்க அது வேண்டும். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.