மூளையில் ஸ்டென்ட், மலையில் வீடு: மாத்திரை விட்டுப்போகாமல் இருக்க

கோத்தகிரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மூளை ரத்தக் குழாயில் அனியூரிசம் என்ற புடைப்புக்குக் கோவையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மலையேறி வருகிறவர்களுக்கு மண்டையில் தையல் கிடையாது. ஆள் நன்றாக நடமாடுவார். அதனாலேயே, "இன்னும் மாத்திரை எதுக்கு?" என்ற கேள்வி சீக்கிரம் வந்துவிடும்.

ஸ்டென்ட் என்பது கம்பி வலை. உடம்புக்கு அது வெளிப்பொருள் என்பதால் ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். உறைந்தால் குழாய் அடைபடும், இல்லையென்றால் துணுக்கு பிய்ந்து போய் மேலே எங்காவது அடைக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். குழாயின் உட்பூச்சு வளர்ந்து வலையை மூட மாதக்கணக்காகும். அதுவரை ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்துதான் காவல். பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் இரண்டும், பிறகு ஆஸ்பிரின் மட்டும் நீண்ட நாளைக்கு. எதை எப்போது நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல.

முதல் வேலை, கையிருப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிடுவார்கள், மருந்து வேன் வராது. கடைசி அட்டையைப் பிரிக்கும்வரை காத்திருக்காதீர்கள். எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபிடோக்ரெல் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஏ' இருந்தால், பெரும்பாலும் உள்ளே ஆஸ்பிரினும் இருக்கிறது. அது தெரியாமல் தனி ஆஸ்பிரினையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு நிமிட வேலை.

நெஞ்செரிச்சலுக்கு நீங்களாக ஒமிப்ரசோல் வாங்காதீர்கள், அது க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் பான்டோப்ரசோல் எழுதுவார். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென் கேட்டு வந்தாலும் நான் கொடுப்பதில்லை, ரத்தக் கசிவு கூடும். ஊட்டியில் நீலகிரித் தைலத்தோடு விற்கும் வின்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் ஆஸ்பிரின் குடும்பம்தான். அதை வாளிக்கணக்காகத் தேய்க்க வேண்டாம்.

சிலருக்குக் கல்லீரல் க்ளோபிடோக்ரெலை வேலை செய்யும் வடிவத்துக்குச் சரியாக மாற்றித் தராது, பரம்பரை விஷயம். டாக்டர் ரத்தம் பார்த்து அதற்குப் பதிலாக டைகாக்ரிலர் கொடுத்திருந்தால் அது காலை, இரவு இரண்டு வேளை. இரவு வேளைதான் விட்டுப்போகும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

தோட்டத்து அக்கா ஒருவர் வந்தார். "தம்பி, அட்டைப்பூச்சி கடிச்சு ரத்தம் நிக்கவே இல்ல, மாத்திரைய விட்டுட்டேன்." அட்டைக் கடியில் ரத்தம் கசிவது எல்லாருக்கும் உள்ளது, இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும். சுத்தத் துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள் என்றேன். "மாத்திரையை இன்னிக்கே போடுங்கக்கா, டாக்டருக்கும் போன் பண்ணிடுங்க." மலம் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, நிற்காத மூக்கு ரத்தம் என்றால் விஷயம் வேறு, உடனே ஆஸ்பத்திரி.

பல் பிடுங்கப் போனால் முதலில் பல் டாக்டரிடம் ஸ்டென்ட் பற்றிச் சொல்லுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதம் இருந்தாலும் மாத்திரைக்கு விரதம் கிடையாது. எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு 4.5 மணி நேரம், மலையிறங்கிக் கோவை சேரவே இரண்டு மணி நேரம் போய்விடும். பயத்தில் கூடுதல் ஆஸ்பிரினை வாயில் போடாதீர்கள். ரத்தக் கசிவுக்கும் இதே அறிகுறிகள்தான், ஸ்கேன் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். ஸ்டென்ட் வைத்த விவரம் உள்ள அட்டையும் மாத்திரை அட்டையும் ஒரே உறையில், வாசல் ஆணியில் தொங்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்போது தேட நேரம் இருக்காது.