விடைத்தாள் கட்டும் கழுத்து வலியும்: பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குச் சில வழிமுறைகள்

பேராசிரியர் வேலை உடலுழைப்பு அன்று என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். நாமும் அதையே நம்பி, கழுத்துப் பிடிப்பையும் தோள்வலியையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் தசையை வருத்துவது பளு மட்டுமன்று. ஒரே நிலையில் நெடுநேரம் இறுகியிருக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைவதால், எதையும் தூக்காமலேயே அது களைத்து வலிக்கத் தொடங்குகிறது. ஆகவே ‘சரியான’ ஒரு நிலையைத் தேடிப் பிடித்து அதிலேயே விறைத்து அமர்வதைவிட, இருக்கும் நிலையை அடிக்கடி மாற்றிக்கொள்வதே நல்லது.

முதலில் வலியைக் குறித்து வையுங்கள். பணியிட வலி ஆய்வுகளில் இன்றும் பயன்படும் நோர்டிக் வினாநிரல் 1987இல் வெளியானது. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, கீழ்முதுகு, இடுப்பும் தொடையும், முழங்கால், கணுக்காலும் பாதமும் என உடலை 9 பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களிலும் கடந்த 7 நாட்களிலும் எங்கே தொல்லை இருந்தது என்று அது கேட்கிறது. அதே 9 பகுதிகளை ஒரு தாளில் எழுதி, எந்த வேலைக்குப் பின் எந்த இடம் வலித்தது என்று ஒரு வாரம் குறித்துவந்தால், காரணம் பெரும்பாலும் தானே புலப்படும். திங்களும் வியாழனும் மட்டும் குதிகால் வலிக்கிறதென்றால், அன்றைய கால அட்டவணையைப் பார்த்தாலே போதும்.

எல்லாவற்றிலும் கொடியது விடைத்தாள் மதிப்பீட்டு முகாம்தான் என்பது என் கருத்து. இடக்கை கட்டைப் பிடித்திருக்க, வலக்கை சிவப்புப் பேனாவை அழுத்தியிருக்க, தெளிவில்லாத கையெழுத்தைப் படிப்பதற்காகத் தலை தாளை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். பத்தாவது தாளில் தோள்கள் காதருகே ஏறியிருப்பதை நாம் அறிவதே இல்லை. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை முன்னால் சாயச் சாய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை பல மடங்காகிறது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை வெறும் அலங்காரம் அன்று. இரண்டு தடித்த கோப்புகளை அடுக்கி, அவற்றின்மேல் பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்தால் அதே சாய்வு கிடைக்கும். தாள் கண்ணை நோக்கி எழும், கழுத்து நிமிரும். அழுத்தி எழுத வேண்டிய பந்துமுனைப் பேனாவுக்குப் பதிலாக ஜெல் பேனா இருந்தால் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு. ஐந்து தாளுக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, மோவாயை உள்ளே இழுத்து ஐந்து நொடி நிறுத்தி, பின் தளர்த்துங்கள். இதை ஐந்து முறை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

கரும்பலகையில் கண்ணுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பட்டையில் மட்டும் எழுதுங்கள். கை தோளுக்கு மேலேயே இருந்தால் தோள் மூட்டின் தசைநாண்கள் எலும்புக்கிடையே நெருக்குண்கின்றன. பலகையை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொண்டு, எட்டி எழுதாமல் நகர்ந்து எழுதுவது நலம். நிற்கும்போது ஒரு காலை மேடைப் படியில் வைத்து, சிறிது நேரத்தில் மறு காலுக்கு மாற்றினால் கீழ்முதுகின் இறுக்கம் தளரும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறவர்கள் தட்டையான செருப்பை விட்டு, குதிகாலுக்கு மெத்தை உள்ள காலணிக்கு மாறவும். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் தசையை 30 நொடி இழுத்து நிறுத்தும் பயிற்சியை நாளுக்கு இருமுறை செய்யவும்.

மடிக்கணினியின் சிக்கல், திரையும் விசைப்பலகையும் ஒன்றாக ஒட்டியிருப்பதுதான்: திரை சரியாக இருந்தால் கை உயரும், கை சரியாக இருந்தால் கழுத்து குனியும். புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனியாக ஒரு விசைப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். நம்மிடம் புத்தகத்துக்கா பஞ்சம்?

வலிமாத்திரையை நாள்கணக்கில் தாமாக வாங்கி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சர்க்கரை உள்ளவர்களிடம் தோள் இறுகிப் போவது மிகுதி. சட்டை மாட்டவோ தலை வாரவோ கை எழும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். காலையில் மூட்டுகள் அரைமணிக்கு மேல் விறைத்திருப்பது, வீங்குவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கை கால் மரத்துப்போவது ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்கவே வேண்டும். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்ற வலிகளுக்குச் செல்லும்போது அந்த ஒரு வாரக் குறிப்புத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘டீச்சிங்’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எத்தனை தாள் திருத்துகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.