பேஸ்பால் ஆட்டத்தைப் பென்சிலால் குறித்து வைப்பது எப்படி: பழைய முறை ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்பாலில் கடிகாரத்துக்கு வேலையில்லை என்பதையே அந்த ஆட்டத்தின் பெருமையாக நினைத்தவர்களுக்கு, அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களைக் கடந்த சில ஆண்டுகளாகப் பார்ப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பந்து வீசும் பிட்சர்கள் மட்டை பிடிப்பதில்லை. நன்றாக வீசிக்கொண்டிருப்பவரைப் பாதி ஆட்டத்திலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது, பந்தையே சந்திக்காத ஒருவர் இரண்டாவது பேஸில் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நிறுத்தங்களில் ஒன்று) வந்து நிற்கிறார். இவற்றைத் திட்டிக்கொண்டே பார்ப்பதைவிட, மடியில் ஒரு ஸ்கோர் நோட்டை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதையும் பென்சிலால் குறித்தபடி பார்ப்பது நல்லது என்பது என் அனுபவம். ஸ்கோர் நோட்டு ஒரு கணக்குப் புத்தகம். யார் எப்படி பேஸுக்கு வந்தார், யாரால் அவுட் ஆனார் என்பதற்கு அதில் ஒரு வரவோ செலவோ இருந்தாக வேண்டும். எந்தப் புதிய விதி அந்தக் கணக்கைக் கெடுக்கிறது, எது நம் பழக்கத்தை மட்டும் உறுத்துகிறது என்பதை நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

அணிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்புறம் மேலிருந்து கீழாக ஒன்பது பேட்டர்களின் பெயர்களை, மட்டை பிடிக்கும் வரிசையில், ஒவ்வொரு பெயருக்கும் கீழே மாற்று வீரருக்கு ஒரு வரி இடம் விட்டு எழுதுங்கள். மேலே இன்னிங்ஸ் எண்கள் வரும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சாய்சதுரம் இருக்கட்டும். அதன் கீழ் முனை, பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்; வலது முனை முதல் பேஸ். ஃபீல்டர்களுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, மூன்றாம் பேஸ்காரர் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிமைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் தரையில் உருண்ட பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் செய்தால் 6-3 என்று எழுதி, எத்தனையாவது அவுட் என்பதைச் சிறு வட்டத்துக்குள் போட வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) வாங்கி அவுட் ஆகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்தான ‘கே’. மட்டையை வீசாமலேயே மூன்றாவது ஸ்ட்ரைக்கை வாங்கியவருக்கு அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவது வழக்கம். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் வட்டாரத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் 19-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய குறி இது. ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை அவர் எடுத்துக்கொண்டார். ரன் எடுத்தவரின் சாய்சதுரத்தை முழுவதும் கறுப்பாக்கிவிடுங்கள். அடிப்படை இவ்வளவுதான், இரண்டு ஆட்டங்களில் கைக்கு வந்துவிடும்.

பெயர்களை எழுதும்போதே முதல் வருத்தம் வந்துவிடும். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973-இல் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க டெசிக்னேட்டட் ஹிட்டரைக் கொண்டுவந்தது. மற்றதான நேஷனல் லீக் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை ஏற்காமல் இருந்து 2022-இல் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. ஒன்பதாவது வரியில் பிட்சரின் பெயர் இருந்த காலத்தில் அந்த வரிதான் நோட்டிலேயே அதிகம் அழித்து எழுதப்பட்ட வரி. ஆறாவது இன்னிங்ஸில் பிட்சரின் முறை வரும்போது, நன்றாக வீசுகிறவரை எடுத்துவிட்டு ஒரு நல்ல பேட்டரை அனுப்புவதா, அல்லது அவரையே அனுப்பி ஓர் அவுட்டை விட்டுக்கொடுப்பதா என்று மேனேஜர் தவிப்பது நமக்குக் கட்டத்திலேயே தெரியும். இப்போது அந்த வரி அழுக்குப்படாமல் இருக்கிறது. பெரும்பாலான பிட்சர்கள் மட்டை பிடித்த அழகை நினைத்தால் இதை முழு இழப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. போனது மேனேஜரின் தலைவலிதான், ஆனால் அந்தத் தலைவலியைப் பார்க்கத்தான் நாம் போனோம்.

பிட்சர்களுக்கான பட்டியல் பக்கத்தின் அடியில் இருக்கும். பழைய அட்டைகளில் அங்கே மூன்று நான்கு வரிகள்தான் இருக்கும், அவை இன்று போதா. ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் அணிக்கு ஏழு வரிகளாவது கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1963 ஜூலை 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 42 வயது வாரன் ஸ்பானும் 25 வயது ஹுவான் மரிச்சாலும் எதிரெதிராக வீசிய ஆட்டத்தைக் குறித்தவருக்கு அணிக்கு ஒரு வரியே போதுமாக இருந்திருக்கும்; பதினாறாவது இன்னிங்ஸில் வில்லி மேஸ் ஹோம் ரன் அடித்து 1-0 என்று முடிக்கும்வரை இருவரும் பிட்சர் நின்று வீசும் மேட்டை விட்டு இறங்கவில்லை. 2022 ஏப்ரலில் மினியாபொலிஸில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல், 80 பந்துகளே வீசியிருந்த நிலையில் வெளியே எடுக்கப்பட்டார். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் வரும் காயங்களை நினைத்தால் அதற்கு நியாயம் உண்டு, கெர்ஷாவும் அதைக் குறை கூறவில்லை. இருந்தாலும் இருபத்தொரு கட்டங்களில் இருபத்தொரு அவுட்டுகளைக் குறித்துவிட்டு, அடுத்த வரியில் வேறொருவர் பெயரை எழுதும் கைக்குத் தெரியும் அந்த வலி.

பிட்சர் மாறும்போது, புதியவர் சந்திக்கும் முதல் பேட்டரின் கட்டத்துக்கு மேலே ஒரு தடித்த கோடு போடுங்கள். முந்தையவர் பேஸில் விட்டுச்சென்ற ஓட்டக்காரர்கள் எடுக்கும் ரன்கள் முந்தையவர் கணக்கில்தான் ஏறும் என்பதால், கோட்டைப் போட மறந்தால் கடைசியில் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது கடிகாரம். 2023 முதல் பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடிக்குள்ளும், ஆள் இருந்தால் 20 விநாடிக்குள்ளும் பிட்சர் வீசத் தொடங்கியாக வேண்டும். 2024-இல் அந்த 20 விநாடி 18 ஆனது. பேட்டரும் 8 விநாடி மீதமிருக்கும்போதே தயாராக நிற்க வேண்டும். பிட்சர் தாமதித்தால் ஒரு ‘பால்’ (பேட்டர் அடிக்காமல் விட்ட, எல்லைக்கு வெளியே போன பந்துக்கான கணக்கு), பேட்டர் தாமதித்தால் ஒரு ஸ்ட்ரைக் தானாகவே ஏறிவிடும். நோட்டு எழுதுபவருக்கு இதனால் வரும் சிக்கல், குனிந்து எழுதி நிமிர்வதற்குள் அடுத்த பந்து போய்விடுவது. ஆகவே பந்துக்குப் பந்து கட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு கீறல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். விவரத்தை ஒரு பேட்டர் முடிந்து அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் 30 விநாடியில் எழுதுங்கள். கடிகாரத்தால் ஏறிய பாலையும் ஸ்ட்ரைக்கையும் கீறலாகப் போடாமல் புள்ளியாகப் போடுவது என் வழக்கம், ஏனென்றால் அங்கே பந்தே வீசப்படவில்லை. 2023 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் பாஸ்டனும் அட்லாண்டாவும் ஆடிய பயிற்சி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆட்கள், இரண்டு அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக், ஸ்கோர் 6-6 என்ற நிலையில், பேட்டர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை அறிவித்தார். பேட்டரோ தனக்கு ‘வாக்’ (நான்கு பால் ஆனால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கிடைத்ததாக எண்ணி முதல் பேஸை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அந்தக் கட்டத்தில் திருப்பிப் போட்ட ‘கே’யும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளியும்தான் எழுத முடியும்.

கடிகாரத்தை நானும் வெறுத்தவன்தான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் 2022-இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது, 2023-இல் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. குறைந்தது ஆட்டம் அல்ல, பேட்டர்கள் கையுறையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய நேரம் என்பதை நோட்டு எனக்குக் காட்டிவிட்டது. கட்டங்களில் முன்பு எழுதிய அளவுதான் இப்போதும் எழுதுகிறேன். பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைக்கு மேல் வீசும் பலகையிலிருந்து காலை எடுக்கக் கூடாது, மூன்றாவது முறை எறிந்து ஓட்டக்காரரை அவுட் செய்யாவிட்டால் பாக் (ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் தரும் தவறு) என்ற விதியும், 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்ட பேஸும் சேர்ந்து, திருடப்பட்ட பேஸ்களை (பந்து அடிக்கப்படாமலேயே ஓட்டக்காரர் ஓடிப் பிடித்தவை) 2,486-இலிருந்து ஒரே ஆண்டில் 3,503-ஆக உயர்த்தின. பேஸ் திருடுவதைப் பார்க்கத்தான் பழைய ரசிகர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த வழி பிடிக்கவில்லை என்பதற்காகக் கிடைத்ததை மறுக்க முடியுமா?

ஃபீல்டர்களை ஒரே பக்கமாகக் குவிக்கும் ஷிஃப்ட் என்னும் இடமாற்றத் தந்திரத்தையும் 2023-இல் கட்டுப்படுத்தினார்கள். அதற்கு முன் மூன்றாம் பேஸ்காரர் வலது புறப் புல்வெளிவரை போய் நின்று பந்தை எடுத்தாலும் நோட்டில் 5-3 என்றே எழுத வேண்டியிருந்தது. எண் ஆள் நிற்கும் இடத்தைக் குறிப்பதல்ல, அவருடைய பொறுப்பைக் குறிப்பது. இப்போது இரண்டாம் பேஸின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர், நால்வரின் காலும் உள்மைதான எல்லைக்குள் என்பதால், எண்ணைப் பார்த்தாலே பந்து போன திசை தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் புதிய விதி நம் பக்கம்.

வேண்டுமென்றே கொடுக்கும் ‘வாக்’குக்கு 2017 முதல் பந்து வீச வேண்டியதில்லை, மேனேஜர் சைகை காட்டினால் போதும். கட்டத்தில் ‘ஐபிபி’ என்று எழுதி, ஓரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அந்த நான்கு பந்துகளில் ஒன்றும் நடக்காது என்பவர்களுக்கு 2006-ஐ நினைவுபடுத்தலாம். அந்த ஆண்டு ஜூனில் பால்டிமோர் பிட்சர் வேண்டுமென்றே வெளியே வீசிய பந்து போதிய தூரம் போகாததால், ஃப்ளோரிடாவின் மிகேல் கப்ரேரா எட்டி அடித்து ரன்னையே கொண்டுவந்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட நோட்டுக்குப் பொருந்தாதது பத்தாவது இன்னிங்ஸ் ஓட்டக்காரர். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்துக்காக வந்து 2023-இல் நிரந்தரமாகிவிட்ட விதி இது. அந்த இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு முந்தைய இடத்தில் இருப்பவர், அதாவது பெரும்பாலும் கடைசியாக அவுட் ஆனவரே, இரண்டாவது பேஸில் போய் நிற்பார். அவருடைய வரியில், பத்தாவது கட்டத்தில், ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் வரை புள்ளிக்கோடு போடுங்கள். அவர் தானாக ஓடிய தூரத்தை மட்டும் முழுக்கோடாக்குங்கள். அவர் ரன் எடுத்தால் அது பிட்சரின் சராசரியைப் பாதிக்காத ரன். ஃபீல்டிங் பிழையால் பேஸுக்கு வந்தவராக அவரைக் கருத வேண்டும், ஆனால் அந்தப் பிழையை யார் பெயரிலும் எழுதக் கூடாது என்கிறது விதிப்புத்தகம். செலவு உண்டு, செலவழித்தவர் இல்லை என்று எழுதச் சொன்னால் எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பார்? ஒருவரையும் பேஸுக்கு விடாத பிட்சர்கூட, ஒரு பண்ட் (மெல்லத் தட்டி ஓட்டக்காரரை முன்னேற்றுவது), ஒரு தியாக ஃப்ளை (பிடிபட்டாலும் ஓட்டக்காரரை ஹோமுக்குக் கொண்டுவரும் உயர்ந்த அடி) என்று இரண்டே அவுட்டுகளில் ஆட்டத்தை இழக்க முடியும். 1920 மே 1 அன்று பாஸ்டனில் லியோன் கடோரும் ஜோ ஓஷ்கரும் தலா 26 இன்னிங்ஸ் வீசி 1-1 என்று இருட்டில் முடித்த ஆட்டத்தை இன்றைய விதிக்குள் நினைத்துப் பார்க்கவே முடியாது.

2026 முதல் பாலா ஸ்ட்ரைக்கா என்பதைப் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் கேள்வி கேட்கலாம், கேமரா அளந்து சொல்லும். தொடக்கத்தில் அணிக்கு இரண்டு வாய்ப்புகள், கேள்வி சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். ஆகவே பேனா வேண்டாம். பென்சிலும் நல்ல அழிப்பானும்தான் சரி. ஆனாலும், மாற்றப்பட்ட கீறலை மட்டும் அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு கிழித்து வைத்தால், அன்று எந்த அம்பயர் எப்படிப் பார்த்தார் என்பதும் நோட்டில் தங்கும்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் இலவச ஓட்டக்காரர் கிடையாது. அதனால் அக்டோபரில் கூடுதல் தாள் எடுத்துச் செல்ல மறக்காதீர்கள். 2025 உலகத் தொடரின் (பிளேஆஃபின் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில் 18 இன்னிங்ஸ் ஓடியது. லாஸ் ஏஞ்சலஸ் வீரர் ஷோஹே ஓதானியின் வரியில் மட்டும் இரண்டு டபுள் (இரண்டாவது பேஸ் வரை கொண்டுசெல்லும் அடி), இரண்டு ஹோம் ரன், அவற்றுக்குப் பின் ஐந்து வாக், அவற்றில் நான்கு மேனேஜரின் சைகையால் வந்தவை. பன்னிரண்டு கட்டங்கள் தீர்ந்ததும் புதிய தாளில் அதே பெயர்களை அதே வரிசையில், அப்போது களத்தில் இருப்பவர்களை மட்டும் எழுதுங்கள். மேலே 1 என்று அச்சிட்டிருப்பதை அடித்துவிட்டு 13 என்று போடுங்கள். பிட்சர் பட்டியலை முதல் தாளிலேயே தொடருங்கள், கூட்டும்போது இரண்டு இடத்தில் தேட வேண்டியிராது. ஆட்டத்தை முடித்துவைத்த ஃப்ரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன் அந்த இரண்டாவது தாளில், 6 என்று அச்சிட்டு 18 என்று திருத்திய பத்தியின் கீழே இருக்கும்.