சின்ன ஹைஸ்கூல் ஃபுட்பால் அணிக்கு வசந்தகாலப் பயிற்சி: 26 பையன்கள், 4 கோச், 10 நாள்

அமெரிக்க ஹைஸ்கூல் அணி ஒன்றில் முதல்முறையாகக் கோச் பொறுப்பு எடுப்பவர்களுக்கும், உதவிக் கோச்சாகச் சேரும் பெற்றோர்களுக்கும் இந்த விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்.

பெரிய பள்ளிகளில் 90 பேர் வருவார்கள். பந்தை முன்னே கொண்டுபோகும் அஃபென்ஸுக்குத் தனி ஆள், அதைத் தடுக்கும் டிஃபென்ஸுக்குத் தனி ஆள். சின்னப் பள்ளியில் ஒரே பையன் இரண்டு பக்கமும் ஆடுவான், பாதிப் பேர் அதே மாதத்தில் பேஸ்பாலிலும் தடகளத்திலும் இருப்பார்கள். பெரிய பள்ளியின் அட்டவணையை எடுத்துச் சுருக்கினால் அது வேலைக்கு ஆகாது. தலையை எண்ணிவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். எத்தனை ஆட்டங்கள் (யார் எங்கே ஓடுவது என்று முன்பே வகுத்த நகர்வுகள்) சொல்லித் தரலாம் என்பதையும் அந்த எண்ணிக்கையே முடிவு செய்யட்டும்.

கணக்குக்காக ஓர் அணியை எடுத்துக்கொள்வோம்: 26 பையன்கள், அவர்களில் 9 பேர் முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேன்கள், 4 கோச்சுகள், 10 நாள், நாளுக்கு 110 நிமிடம். 15 பேருக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. டெக்சாஸில் மிகச் சிறிய பள்ளிகள் 80 யார்டு நீள மைதானத்தில் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுவது அதனால்தான்.

படி 1: விதிப் புத்தகமும் காலண்டரும்

வசந்தகாலப் பயிற்சி எல்லா மாநிலத்திலும் கிடையாது. சில மாநிலங்கள் முழுக் கவசத்தோடு அனுமதிக்கின்றன, சில கவசமில்லாமல் மட்டும், சில அறவே இல்லை. டெக்சாஸில் வெகுகாலமாக இது 5ஏ, 6ஏ பிரிவுப் பெரிய பள்ளிகளுக்கான வாய்ப்பாகவே இருந்தது. ஃப்ளோரிடாவில் பயிற்சி முடிவில் வேறொரு பள்ளியோடு ஒரு வசந்த ஆட்டமே ஆடலாம். எத்தனை நாள், எத்தனை நாளுக்குள், எந்த நாளிலிருந்து பேட், வேறு விளையாட்டில் இருக்கும் பையன் வரலாமா என்ற நான்கு கேள்விக்கும் உங்கள் மாநிலச் சங்கத்தின் இந்த ஆண்டு விதியில் பதில் எடுத்து, பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். போன வருஷத்து விதியை நம்பி நாள் குறித்தால் அபராதம் அணிக்குத்தான்.

பிறகு காலண்டர். மே மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஏ.பி. (கல்லூரி அளவுப் பாடத்) தேர்வுகள். அதோடு மாநிலத் தேர்வு, ப்ராம் நடன விருந்து, பேஸ்பால் ப்ளே-ஆஃப், தடகள மாநிலப் போட்டி. தேதியை அறிவிப்பதற்கு முன்பே பேஸ்பால் கோச்சையும் தடகளக் கோச்சையும் போய்ப் பாருங்கள். சின்னப் பள்ளியில் அவர்களுடைய ஷார்ட்ஸ்டாப்பும் உங்கள் குவார்ட்டர்பேக்கும் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவன்) ஒரே ஆள். அவனை இழுபறியில் மாட்டிவிட்டால் அடுத்த வருஷம் அவன் எதற்கும் வர மாட்டான். தடகளத்தில் ஓடிவிட்டு வரும் பையனுக்கு அன்று தனி ஓட்டப் பயிற்சி வேண்டாம்.

படி 2: காகிதம், கவசம், பாதுகாப்பு

மருத்துவப் பரிசோதனைச் சான்றும் பெற்றோர் கையெழுத்தும் கைக்கு வராமல் ஹெல்மெட் கொடுக்காதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 வருஷம் தாண்டியதை ஹெல்மெட் புதுப்பிக்கும் நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஓரமாக எடுத்து வையுங்கள். அளவு பார்க்கும்போது பையனின் முடியை நனைக்கச் சொல்லுங்கள், வியர்த்தபின் இருக்கும் அளவு அப்போதுதான் தெரியும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் சுமார் ஒரு அங்குலம். முகக் கம்பியைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது பெரிது. 26 பேருக்கு 30 செட் இருந்தால் நிம்மதி.

மைதானத்துக்கு: பந்து 10, கூம்பு 40, கையில் பிடிக்கும் ஷீல்டு 6, நிற்கும் டம்மி 4, டேக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது) பழக உருட்டி விடும் வளையம் 2, கனமான மெத்தை 2, பெரிய பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி 7, பத்து காலன் தண்ணீர் கேன் 2. குப்பைத்தொட்டிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எதிரணி லைன் இன்னின்ன இடத்தில் நிற்கும் என்று காட்டத் தனி ஆட்கள் இல்லாத அணிக்கு அவைதான் டிஃபென்ஸ்.

வெயிலுக்கு: மே மாதத்தில் உடம்பு இன்னும் சூட்டுக்குப் பழகியிருக்காது. 2001-இல் மினசோட்டா வைகிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் ஹீட் ஸ்ட்ரோக்கால் (வெப்பத் தாக்கு) இறந்தார். அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் வலியுறுத்துவது: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், 3 முதல் 5 வரை ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும், ஆறாம் நாள்தான் முழுக் கவசம். உங்கள் மாநில விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். ஜார்ஜியா மாநிலச் சங்கத்தின் அட்டவணைப்படி 92 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் வெளியில் பயிற்சியே இல்லை. 90-க்கு மேல் போனால் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் கவசம் இல்லாமல். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டி ஒன்றை ஐஸோடு தயாராக வைத்திருங்கள். ஹீட் ஸ்ட்ரோக் என்று சந்தேகம் வந்தால் முதலில் அதில் அமிழ்த்திக் குளிர வைக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அப்புறம்.

911-ஐ யார் அழைப்பது, கேட்டை யார் திறப்பது, நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டி எங்கே என்பதை முதல் நாளே நான்கு கோச்சுக்கும் பிரித்துக் கொடுங்கள். இடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அவன் அன்று திரும்ப ஆடக் கூடாது.

படி 3: இடம் பிரித்தல்

ஒவ்வொரு பையனுக்கும் அஃபென்ஸில் ஓரிடம், டிஃபென்ஸில் ஓரிடம், மாற்று ஆளாக இன்னோர் இடம். மூன்றுக்கு மேல் வேண்டாம். இயல்பான ஜோடிகள் உண்டு: கார்டு (அஃபென்ஸ் லைனின் உள்பக்க ஆள்) என்றால் உள் லைன்பேக்கர் (டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்பவன்), டைட் எண்டு (அஃபென்ஸ் லைனின் ஓர ஆள்) என்றால் டிஃபென்ஸிவ் எண்டு, ரிசீவர் (பாஸ் பிடிப்பவன்) என்றால் அவனைக் காக்கும் கார்னர், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவன்) என்றால் வெளி லைன்பேக்கர் அல்லது சேஃப்டி (கடைசிக் காவல்). குவார்ட்டர்பேக்கை டிஃபென்ஸில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியாக வையுங்கள்.

சென்டரை, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து (ஸ்னாப்) ஆட்டத்தைத் தொடங்குபவனை, மட்டும் டிஃபென்ஸில் நோஸ் கார்டாகப் போடாதீர்கள். பல அணிகள் செய்வது இதுதான், ஏனென்றால் இரண்டும் நடுவில் நிற்கும் கனமான ஆள். நான்காம் குவார்ட்டரில் களைத்த கையிலிருந்து வரும் ஸ்னாப் தரையில் உருளும், பந்து எதிரணிக்குப் போகும். சென்டர் வேலைக்கு மூன்று பேரைத் தயார் செய்யுங்கள். பயிற்சிக்கு 10 நிமிடம் முன்பே அவர்கள் வந்து, குவார்ட்டர்பேக்கின் கைக்கு 25 ஸ்னாப், பன்ட்டுக்கு (பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிடுவது) 12-13 யார்டு தூரத்துக்கு 15 ஸ்னாப். வாரத்தில் ஒரு நாள் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துச் செய்யட்டும்.

படி 4: ஆட்டங்களைக் குறையுங்கள்

நான்கு ஓட்டம், இரண்டு பாஸ். அவ்வளவுதான். லைன்மேன்கள் பெரிய உடம்புக்காரர்களாக இல்லாத சின்னப் பள்ளிகளுக்கு விங்-டி என்ற அஃபென்ஸ் அமைப்பு நன்றாக ஒத்துவரும். எதிரே நிற்பவனை நேராகத் தள்ளாமல் பக்கவாட்டுக் கோணத்தில் மடக்கித் தள்ளலாம். 75 கிலோ கார்டுகூடத் தன் வேலையைச் செய்துவிடுவான். ஓட்டத்தில் ஓரமாகப் போகும் பக் ஸ்வீப், நடுவில் போகும் டிராப், டவுன், மறுபடி ஓரமாக ஜெட் ஸ்வீப். பாஸில் வேகில் (குவார்ட்டர்பேக் ஓரமாக ஓடி எறிவது) ஒன்று, ஹிட்ச் (ரிசீவர் சற்றே ஓடித் திரும்பிப் பிடிப்பது) ஒன்று. வலது, இடது இரண்டுக்கும் சொல்லித் தரும்போது இதுவே 12 ஆகிவிடும்.

டிஃபென்ஸில் ஒரே ஒரு அமைப்பு. லைன்மேன் பஞ்சம் இருப்பதால் 3-5-3 வசதி: முன்னால் மூன்று பேர் போதும், மற்ற எட்டுப் பேரும் ஓடத் தெரிந்தவர்கள். பிளிட்ஸ் (பின்னால் நிற்பவர்களும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) இரண்டு வகை சொல்லித் தந்தால் வசந்தத்துக்கு அதிகம்.

படி 5: ஒரு நாளின் 110 நிமிடம்

வார்ம்-அப்: 10
டேக்கிள் சுற்று: 12
அஃபென்ஸ் தனித்திறன்: 15
தண்ணீர்: 4
பன்ட், கிக்: 8
குழு வேலை: 24
தண்ணீர்: 4
டிஃபென்ஸ் தனித்திறன்: 15
முழு அணி: 18

தண்ணீர் இடைவேளை இரண்டுதான் என்று அர்த்தமில்லை. தாகம் எடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். பன்ட்டைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடைசியில் வைத்தால் நேரம் போதாமல் முதலில் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும், செப்டம்பரில் முதல் ஆட்டத்தில் பிளாக் ஆகும் பன்ட்டும் அதனால்தான்.

டேக்கிள் சுற்றின் கணக்கைப் பாருங்கள். 26 பேரும் ஒரே வரிசையில் நின்று, ஒருவருக்கு 15 விநாடி என்றால், ஒரு சுற்றுக்கே ஆறரை நிமிடம். 12 நிமிடத்தில் ஒரு பையனுக்கு இரண்டு டேக்கிள்கூடக் கிடைக்காது. நான்கு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு கோச், ஆறேழு பையன்கள், மூன்று நிமிடத்தில் விசில், அடுத்த இடம். பத்து விநாடிக்கு ஒரு டேக்கிள் என்று ஓட்டினால் ஆளுக்குப் பத்துக்கு மேல் கிடைக்கும். முதல் இடத்தில் காலடி: பந்து வைத்திருப்பவனுக்கு அருகில் போய், அவனுக்குப் பக்கத்திலிருக்கும் காலை ஊன்றுவது. இரண்டாவதில் முழங்காலில் நின்று தோளால் மோதிக் கைகளை இறுக்குவது. மூன்றாவதில் உருளும் வளையம். நான்காவதில் மெத்தைமேல் தொடையைக் கட்டிப் பிடித்து உருட்டுவது. தோள்தான் படவேண்டும், தலை படக் கூடாது. கண் எதிராளியின் தொடையில் இருக்கட்டும். ரக்பி பாணியிலான இந்த முறையை சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2014-இல் வீடியோவாக வெளியிட்டபின் ஹைஸ்கூல்களிலும் பரவியது. ஹெல்மெட் மட்டும் போடும் முதல் இரண்டு நாளிலேயே காலடியையும் வளையத்தையும் தொடங்கிவிடலாம்.

குழு வேலைதான் சின்ன அணியின் உயிர். 11-க்கு 11 வைத்தால் 26-இல் 22 பேர் களத்தில் இருப்பார்கள், ஆனால் 9 லைன்மேன்களில் எட்டுப் பேர் ஓய்வில்லாமல் மோதுவார்கள். எதிர் வரிசையில் 14 வயதுப் பையன் 17 வயதுக்காரன் முன் நிற்பான். காயம் வருவது இங்கேதான். அதற்குப் பதில் பாதி லைன் வையுங்கள். சென்டர், இரண்டு கார்டு, ஆட்டம் போகும் பக்கத்து அஃபென்ஸிவ் டேக்கிள் (கார்டுக்கு வெளியே நிற்கும் லைன்மேன்), டைட் எண்டு, குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடும் ஃபுல்பேக், விங்பேக்: எட்டுப் பேர். எதிரே ஆறு பேர்: நோஸ், எண்டு, மூன்று லைன்பேக்கர், ஒரு சேஃப்டி. ஒரு கார்டு போதுமே என்று தோன்றும். பக் ஸ்வீப்பில் இரண்டு கார்டும் வரிசையைவிட்டு விலகி ஓட வேண்டும், டிராப்பில் தூரத்துக் கார்டுதான் வருவான். அவன் இல்லாமல் பழகினால் ஆட்டமே பாதி.

மீதி 12 பேரில் இரண்டு லைன்மேன்கள் பாதி லைனுக்கு மாற்று ஆட்கள். எஞ்சிய பத்துப் பேர் மறுமுனையில் ஐந்துக்கு ஐந்து பாஸ்: சென்டர், இரண்டாவது குவார்ட்டர்பேக், மூன்று ரிசீவர், எதிரே ஐவர். 12 நிமிடம் கழித்து லைன்மேன்கள் தவிர மற்றவர்கள் இடம் மாறுவார்கள். இரண்டு கோச் இங்கே, இரண்டு கோச் அங்கே.

முழு அணி நேரத்தில் தொட்டிகளை எதிரணியாக அடுக்கி, 11 பேர் ஆடித் திரும்பியதும் அடுத்த 11 பேர் புறப்பட வேண்டும். ஆட்ட வரிசையை முந்தின இரவே அட்டையில் எழுதி வையுங்கள். 18 நிமிடத்தில் 30 ஆட்டம் வரவில்லையென்றால் கோச் அதிகம் பேசுகிறார் என்று அர்த்தம். திருத்தம் பத்து விநாடிக்குள். மிச்சத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். எண்டு ஸோனுக்கு (மைதானத்தின் கோல் முனை) பின்னால் ஏணிமேல் ஒரு டேப்லெட் போதும், லைன்மேன்களின் காலடி அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

படி 6: பத்து நாளையும் அடுக்குதல்

மோதலின் அளவைப் பயிற்சித் தாளிலேயே எழுதுங்கள். யு.எஸ்.ஏ. ஃபுட்பால் அமைப்பு அதை ஐந்தாகப் பிரிக்கிறது: காற்றில் (எதிராளி இல்லாமல்), பேகில் (டம்மி அல்லது ஷீல்டில்), கண்ட்ரோல் (யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்தது), தட், லைவ். தட் என்றால் முழு வேகத்தில் மோதலாம், யாரையும் தரையில் தள்ளக் கூடாது. லைவ் என்றால் நிஜ ஆட்டம். தேசிய ஹைஸ்கூல் கூட்டமைப்பின் 2014 பரிந்துரை, முழு மோதல் வாரத்துக்கு இரண்டு மூன்று பயிற்சியில் மட்டும், நாளுக்கு 30 நிமிடத்துக்குள். 26 பேர் உள்ள அணிக்கு அதில் பாதியே தாராளம்.

முதல் நாள்: நிற்கும் நிலை, ஸ்னாப், பக் ஸ்வீப் வலப்பக்கம், டிஃபென்ஸில் யார் எங்கே. இரண்டாம் நாள் அதுவே இடப்பக்கம், கூட டிராப். மூன்றாம் நாள் ஷோல்டர் பேடோடு டவுன். நான்காம் நாள் புதிதாக எதுவும் வேண்டாம். இந்த நாளை வெறுமையாக விடத் தயக்கமாக இருக்கும், இருந்தாலும் விடுங்கள், மறந்ததெல்லாம் இங்கேதான் வெளிவரும். ஐந்தாம் நாள் வேகில், ஹிட்ச். ஆறாம் நாள் முழுக் கவசம் என்பதால் மறுபடி புதிது இல்லை, பாதி லைன் தட் அளவில். ஏழாம் நாள் ஜெட் ஸ்வீப், முதல் 10 நிமிட லைவ். எட்டாம் நாள் கோல் லைன், மூன்றாம் டவுனில் (மூன்றாவது முயற்சியில்) இன்னும் ஏழு யார்டு தேவை போன்ற நிலைமைகள். ஒன்பதாம் நாள் 15 நிமிடம் லைவ், ஒரே வயது, ஒரே எடை உள்ளவர்களை எதிரெதிரே வைத்து. குவார்ட்டர்பேக்கைத் தொடக் கூடாது.

ஆறாம் நாளில் பையன்கள் தடுமாறினால் ஏழாம் நாளின் ஜெட் ஸ்வீப்பை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். தண்டனையாக ஓடவிடுவதை எந்த நாளிலும் சேர்க்காதீர்கள். பழகாத உடம்பைத் தண்டனைக்காக ஓடவிட்டால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆஸ்பத்திரியில் போய் முடியலாம்.

பத்தாம் நாளில் 60 நிமிடம் மட்டும் களத்தில். மீதி 50 நிமிடத்தில் நான்கு கோச்சும் பையன்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் தனியாகப் பேசுங்கள். கையில் ஒரு தாள் கொடுங்கள்: ஆகஸ்டில் உன் இடம் இது, மாற்று இடம் இது, கோடையில் எடைப் பயிற்சியில் இந்த இரண்டைச் சரிசெய். மூன்றாம் வரிசையில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் இது உண்டு. சின்ன அணியில் அக்டோபருக்குள் அவன் எப்படியும் களத்துக்கு வந்துவிடுவான். அன்றே கவசத்தைத் திரும்ப வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, முகக் கம்பி ஸ்க்ரூ தளர்ந்த ஹெல்மெட்டுகளைத் தனியே வையுங்கள்.