மார்மன் சபையின் அடுத்த தலைவர் யார்? நீங்களே கணக்குப் போடலாம்

வடசென்னையில் பெரம்பூர், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கிறவர்களுக்குச் சபைத் தேர்தல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலயக் கமிட்டிக்கே அணி பிரிந்து நோட்டீஸ் அடிப்போம். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) பேராயர் தேர்வு என்றால் கேட்கவே வேண்டாம், பேராயக் கவுன்சில் ஓட்டுப் போட்டு ஒரு பேனலை அனுப்ப, அதிலிருந்து சினாடு என்ற தலைமை மன்றம் ஒருவரை எடுக்க, நடுவில் யாராவது கோர்ட் படி ஏறியிருப்பார். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைப் பார்த்தால், எங்கே எப்போது தேர்தல் நடந்தது என்றே பிடிபடாது. பெயர்ப் பட்டை குத்திய வெள்ளைச் சட்டைப் பையன்கள், அதாவது அந்தச் சபையின் மிஷனரிகள், ஜோடியாகத் தெருவில் வந்தால் கேட்டுப் பாருங்கள், 'கர்த்தர் அழைக்கிறார்' என்று சொல்வார்கள். அவர்கள் நம்பிக்கை அது, அதில் தப்பில்லை. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தாளும் பேனாவும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பதினைந்து பெயர்களை எழுதுங்கள். தலைவரும் வழக்கமாக இரண்டு ஆலோசகர்களும் சேர்ந்தது பிரதான தலைமை, அதற்குக் கீழே பன்னிரு அப்போஸ்தலர் குழுமம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற அதிகாரப்பூர்வப் பெயரில் தேடினால் அவர்களுடைய தளத்திலேயே படத்தோடு வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்தத் தேதியில் பன்னிருவரில் சேர்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்தால்தான் குழம்பும். வீட்டில் ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஆள் யாராவது இருந்தால் சீனியாரிட்டி லிஸ்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவரே போட்டுத் தந்துவிடுவார்.

அப்புறம் ஆலோசகர்கள் இருவரையும் பிரதான தலைமையிலிருந்து எடுத்து, அவரவர் தேதிப்படி பன்னிருவர் வரிசையில் செருகுங்கள். தலைவர் இறந்த நிமிடமே பிரதான தலைமை கலைந்துவிடும், ஆலோசகர் என்ற பதவியே இருக்காது, சபை மொத்தமும் பன்னிருவர் கையில் வரும். இப்போது வரிசையின் உச்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அடுத்த தலைவர்.

2025 செப்டம்பர் 27 அன்று அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 101 வயதில் இறந்தார். அவருடைய ஆலோசகராக இருந்த டாலின் ஓக்ஸ்தான் வரிசையிலும் முதல் ஆள், அக்டோபர் 14 அன்று தலைவரானார். இந்த இரண்டு பேரும் 1984 ஏப்ரலில் ஒரே மாநாட்டில் அறிவிக்கப்பட்டவர்கள். நெல்சன் ஏப்ரல் 12 அன்று அப்போஸ்தலராக நியமனம் பெற்றார், யூட்டா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஓக்ஸ் அங்கே வேலைகளை முடித்துவிட்டு மே 3 அன்று வந்தார். சுமார் மூன்று வாரம் முன்பின். பல வருடம் கழித்து யார் முதலில், யார் அடுத்து என்பதைத் தீர்மானித்தது அந்த மூன்று வாரம்தான். 2004-ல் உக்டார்ஃப், பெட்னார் என்ற இரண்டு அப்போஸ்தலர்கள் ஒரே நாளில் நியமனம் பெற்றார்கள், அங்கே யாருக்கு முதலில் நடந்தது என்பதே கணக்கு.

வயதை ஏன் பார்க்கக் கூடாது என்பதற்கு ஹெரால்ட் லீ, ஸ்பென்சர் கிம்பல் கதை போதும். கிம்பல் 1895-ல் பிறந்தவர், லீ 1899. ஆனால் லீ 1941-லேயே அப்போஸ்தலர், கிம்பல் 1943. அதனால் இளையவர் முன்னால், மூத்தவர் பின்னால். கிம்பலுக்குத் தொண்டையில் புற்றுநோய் அறுவை நடந்திருந்தது, 1972-ல் இதயத்திலும் அறுவை. அவருக்கு முறை வரும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? லீ தலைவரானது 1972 ஜூலை, அடுத்த வருடம் டிசம்பரில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். 78 வயதில் கிம்பல் தலைவர். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (குருத்துவப் பொறுப்பு) இல்லை என்ற தடையை 1978-ல் நீக்கியவர் இவர்தான். அவர் இதயத்தில் கத்தி வைத்த டாக்டர் யார் என்றால், மேலே சொன்ன அதே நெல்சன்.

இந்த விதி வானத்திலிருந்து அப்படியே இறங்கவில்லை, அடிபட்டு அடிபட்டு வந்தது. 1844-ல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டபோது தெளிவான ஏற்பாடு எதுவும் இல்லை, ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். பெரும்பாலோர் பிரிகாம் யங் தலைமையிலான பன்னிருவர் பின்னால் போனார்கள், வேறு சிலர் பிற்பாடு ஸ்மித்தின் மகனைத் தலைவராக வைத்துத் தனிச் சபை கண்டார்கள். (பாஸ்டருக்குப் பின் பாஸ்டர் மகன் என்பது நம்ம ஏரியாவுக்குப் புதுசா என்ன?) 1875-ல் யங் இரண்டு பேரை வரிசையில் கீழே இறக்கினார், அவர்கள் நடுவில் குழுமத்தை விட்டுப் போய்த் திரும்பியவர்கள் என்பதால். 1900-ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது: அப்போஸ்தலர் பட்டம் வாங்கிய தேதி செல்லாது, குழுமத்தில் சேர்ந்த தேதிதான் செல்லும். ஆகவே பழைய காலத்துப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளவும். இடைவெளியும் அப்போது பெரிது. யங் 1877-ல் இறந்தும் ஜான் டெய்லர் தலைவரானது 1880-ல்தான். 1898-க்குப் பிறகு நாள் கணக்கில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் உண்மையான தேர்வு எங்கே நடக்கிறது? பன்னிருவரில் ஒரு இடம் காலியாகி, அதில் ஒருவரை உட்கார வைக்கிற அந்த நேரத்தில். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், தலைவர் சாவுச் செய்தியை அல்ல. தலைவர் மற்றவர்களிடம் பெயர் கேட்பார், ஜெபித்து முடிவெடுப்பார், தலைமையிலும் பன்னிருவரிலும் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மனுப் போட முடியாது, ஆசைப்படுவதாகக் காட்டிக்கொள்வதே கேவலம். வருகிறவர்கள் எல்லோரும் ஆண்கள்தான், பாதிரிப் படிப்பு யாருக்கும் தேவையில்லை. உக்டார்ஃப் ஜெர்மன் விமானி. 2018-ல் சீன வம்சாவளி அமெரிக்கரான கெரிட் காங்கும் பிரேசில்காரரான உலிசஸ் சோயரஸும் வந்தார்கள். 2025 நவம்பரில் பிரான்ஸைச் சேர்ந்த ஜெரால்ட் கோசே. நாற்பது ஐம்பதுகளில் ஒருவரை எடுத்தால் அவர் ஒருநாள் உச்சிக்கு வர வாய்ப்பு அதிகம், எழுபதை நெருங்கியவரை எடுத்தால் குறைவு, அவ்வளவுதான் சூட்சுமம்.

எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. எழுபதின்மர் என்ற அடுத்த அடுக்கில் முழுநேர ஊழியர்களுக்குச் சுமார் எழுபது வயதில் ஓய்வு, அப்போஸ்தலருக்கோ ஆயுள் பதவி. போட்டியே இல்லாததால் கோஷ்டி இல்லை, ஆனால் நெல்சனும் 93-ல்தான் தலைவரானார், ஓக்ஸும் 93-ல்தான். கிம்பலின் கடைசி வருடங்களில் அன்றாட வேலையைச் சுமந்தவர் ஆலோசகர் ஹின்க்லி. அடுத்த தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் உடம்பு முடியாமல் இருந்தபோதும் ஆலோசகர்கள்தான் ஓட்டினார்கள். ஆகவே வயதான தலைவர் இருக்கும்போது தினசரி காரியம் யார் கையில் என்று தெரிய வேண்டுமானால் ஆலோசகர் பெயர்களைப் பாருங்கள். அவர்களை மட்டும் தலைவர் தன் விருப்பப்படி எடுக்கலாம், அங்கே சீனியாரிட்டி கிடையாது.

சபையார் கை தூக்குகிறார்களே, அது ஓட்டு இல்லையா என்று கேட்பீர்கள். ஏப்ரல், அக்டோபர் பொது மாநாடுகளில் பெயர்களை வாசிப்பார்கள், ஆதரிப்பவர்கள் வலது கையைத் தூக்குவார்கள், எதிர்ப்பவர்களுக்கும் கேட்பார்கள். எதிர்த்து யாராவது கை தூக்கினால், உங்கள் பிணையத் தலைவரை (உள்ளூர் சபைகள் சிலவற்றுக்குப் பொறுப்பானவர்) போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நேரலையில் பார்க்க நினைத்தால், சபையின் தலைமையகமான சால்ட் லேக் சிட்டியில் காலை பத்து மணி அமர்வு நமக்கு இரவு ஒன்பதரை, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். மதிய அமர்வு நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு, அதை மறுநாள் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள்.